குசுனோக்கி மசஷிகே பிறந்த மண்: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டோக்கியோவில் பேரரசர் அரண்மனைக்கு வெளியே, பைன் மரங்கள் நிற்கும் திடலின் ஓரத்தில், திமிறும் குதிரையை இழுத்துப் பிடித்தபடி ஒரு வெண்கல வீரர் இருக்கிறார். ஜப்பான் போய் வந்த பலரிடம் அந்தச் சிலையின் படம் இருக்கும். யார் என்று கேட்டால் ‘ஒரு சாமுராய்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர்தான் குசுனோக்கி மசஷிகே. அவர் பிறந்ததாகப் போற்றப்படும் இடம் ஒசாகா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், கொங்கோ மலையடிவாரத்தில் உள்ள சிஹாயா-அகாசாகா. நகரங்கள் பெருகிவிட்ட அந்த மாகாணத்தில் கிராமம் என்ற நிர்வாகத் தகுதியோடு மிஞ்சியிருப்பது இந்த ஒரே ஊர்தான்.

இவர் யார்? எதற்காக இவ்வளவு புகழ்?

மரபாகச் சொல்லப்படும் பிறப்பு ஆண்டு 1294. இறந்தது 1336. இந்த 42 ஆண்டுகளில் வரலாற்றுக்கு அவரைத் தெளிவாகத் தெரிவது கடைசி ஐந்தாண்டுகள் மட்டுமே. அதற்கு முன் அவர் கவாச்சி நாட்டின் (இன்றைய ஒசாகா மாகாணத்தில் அடங்கிய பழைய நிலப்பகுதி) மலையோரத்தில் செல்வாக்கு பெற்ற ஓர் உள்ளூர்ப் படைத்தலைவர். பெரிய குலத்தவர் அல்லர். மேலிடத்துக்குக் கட்டுப்படாத கும்பல்களை அக்கால ஆவணங்கள் ‘அகுதோ’, அதாவது தீயோர் கூட்டம் என்று குறித்தன. மசஷிகேயின் பெயரும் அப்படி ஒரு முறை பதிவாகியிருக்கிறது.

அப்போது ஜப்பானை ஆண்டது கமாகுராவில் இருந்த போர்வீரர் அரசு. பேரரசர் பெயருக்குத்தான் இருந்தார். கோ-தைகோ பேரரசர் 1331-இல் அந்த அரசுக்கு எதிராகக் கிளம்பியபோது, அவர் பக்கம் துணிந்து நின்ற மிகச் சிலரில் மசஷிகேயும் ஒருவர். பேரரசரின் கனவில் தெற்கே கிளை விரித்த ஒரு பெருமரம் வந்ததாகவும், அதன் பொருள் கேட்டபோது இவர் பெயர் அகப்பட்டதாகவும் ‘தைஹெய்கி’ என்ற 14-ஆம் நூற்றாண்டுப் போர்க்காவியம் சொல்கிறது. கனவுக் கதையை விட்டுவிட்டாலும், அவர் செய்து காட்டியது பெரிது. சிறு படையோடு ஒரு மலைக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கமாகுராவின் பெரும்படையை மாதக்கணக்கில் அங்கேயே கட்டிப்போட்டார். அந்த இடைவெளியில் மற்ற தலைவர்கள் கிளர்ந்தெழ, 1333-இல் கமாகுரா அரசு விழுந்தது.

பிறந்த இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

பெரிய மாளிகையையோ கோபுரத்தையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரங்களும் வேலியும் சூழ்ந்த ஒரு சிறு மேடை, அதன் மேல் ‘நான்கோ பிறந்த இடம்’ என்று பொறித்த கல். நான்கோ என்பது மசஷிகேயை மரியாதையாகக் குறிக்கும் பெயர். வழிகாட்டிப் பலகைகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1868-இல் தொடங்கிய மெய்ஜி பேரரசர் ஆட்சியின் முதன்மை அமைச்சர்களில் ஒருவரான ஒகுபோ தொஷிமிச்சி 1875-இல் இங்கே வந்ததை ஒட்டி இந்தக் கல் எழுந்தது.

பக்கத்திலேயே கிராமத்தின் வரலாற்று அருங்காட்சியகம். சிறியதுதான், கட்டணமும் சொற்பம். ஆனால் கோட்டைகளின் அமைப்பை இங்கே பார்த்துவிட்டு மலைக்குப் போனால் அங்கே காண்பது எளிதில் விளங்கும். திங்கட்கிழமைகளில் பொதுவாக விடுமுறை.

அங்கிருந்து சிறிது தூரம் கீழே இறங்கினால், பிறந்த குழந்தையை நீராட்டத் தண்ணீர் எடுத்ததாகச் சொல்லப்படும் கிணறு வரும். ஈரம் படிந்த மண், தாழ்ந்த மரங்கள், கல் கட்டிய சிறு வாய். பலர் நினைவுக்கல்லைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கிணற்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மசஷிகேயின் கதை முழுக்கத் தண்ணீரைச் சுற்றி ஓடுவது. அதைக் கீழே சொல்கிறேன்.

அவர் அங்கேதான் பிறந்தார் என்பது உறுதியா?

உறுதி இல்லை. அவர் பிறந்ததைப் பதிவுசெய்த அக்கால ஆவணம் எதுவும் கிடையாது. குசுனோக்கி குலம் கிழக்கே சுருகா நாட்டிலிருந்து வந்து கவாச்சியில் குடியேறியது என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதேசமயம், பிறப்பிடத்தில் நடந்த அகழாய்வில் அகழி சூழ்ந்த இடைக்காலக் குடியிருப்பு ஒன்றின் தடம் வெளிப்பட்டது. வசதியும் ஆள்பலமும் உள்ள குடும்பம் ஒன்று இங்கே வாழ்ந்தது என்பதற்கு அது போதும். இந்தப் பள்ளத்தாக்கு அவருடைய சொந்த மண் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. பிரசவம் எந்த மேடையில் நடந்தது என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை.

அவருடைய சிறுவயதுப் பெயர் தமோன்மாரு. தாய் ஷிகி மலையில் பிஷாமோன் தெய்வத்தை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் அந்தத் தெய்வத்தின் இன்னொரு பெயரான தமோனை வைத்தார்கள் என்பது மரபு. பிஷாமோன் வேறு யாரும் இல்லை. பௌத்தத்தோடு ஜப்பான் வரை போன வைஸ்ரவணன், நாம் குபேரன் என்று அறிந்தவர். அங்கே அவர் கவசம் அணிந்த போர்த்தெய்வம்.

ஒரு கல்லையும் கிணற்றையும் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

கல்லுக்காக மட்டும் என்றால் வேண்டாம். சுற்றியுள்ள நிலத்தைப் பார்க்கத்தான் போக வேண்டும். மசஷிகே எப்படி வென்றார் என்பதைப் புத்தகத்தில் படிக்கும்போது மாயவித்தை போலத் தோன்றும். அந்த மேடுபள்ளங்களில் ஒரு நாள் நடந்தால் எல்லாம் கண்முன்னே விளங்கிவிடும். கொங்கோ மலையிலிருந்து இறங்கும் முகடுகளில் அடுத்தடுத்து மூன்று கோட்டைகள். மூன்றும் 1934-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை.

முதலாவது கீழ் அகாசாகா. பிறப்பிடத்திலிருந்து நடந்தே போகலாம், மேடு ஏற வேண்டும். கிராமத்தின் நடுநிலைப் பள்ளிக்குப் பின்னால் ஒரு கல் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அங்கே நின்று கீழே பாருங்கள்: ஜப்பானின் சிறந்த 100 படிக்கட்டு வயல்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வயல்கள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. 1331-இல் இந்தச் சரிவில்தான் கமாகுரா படை ஏறிவந்தது. இரட்டைச் சுவர் கட்டி, வெளிச்சுவரைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார் மசஷிகே. எதிரிகள் அதைப் பற்றி ஏறியதும் கயிற்றை அறுத்துவிட்டார். அடுத்த முறை நீண்ட பிடியுள்ள அகப்பைகளால் கொதிநீரை ஊற்றினார்கள். உணவு தீர்ந்ததும், குழியில் பிணங்களைப் போட்டுக் கோட்டைக்குத் தீ வைத்து, தாம் செத்துவிட்டதாக எதிரிகளை நம்பவைத்துவிட்டு இரவோடு இரவாகத் தப்பினார் என்கிறது தைஹெய்கி.

இரண்டாவது மேல் அகாசாகா. 1333-இல் இது விழுந்ததற்குக் காரணம் தண்ணீர். கோட்டைக்கு மலையிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீர் கொண்டுவந்திருந்தார்கள். முற்றுகையிட்டவர்கள் அதைக் கண்டுபிடித்து வெட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் தாகம் தாங்காமல் சரணடைந்தார்கள்.

மூன்றாவது சிஹாயா. இங்கே மசஷிகே அந்தக் குறைக்கே இடம் வைக்கவில்லை. மலை ஊற்றுகளைக் கோட்டைக்குள் அடக்கிக்கொண்டார். பெருமரங்களைக் குடைந்து நூற்றுக்கணக்கான தொட்டிகள் செய்து நீர் நிரப்பினார். கூரையில் விழும் மழைநீரையும் அவற்றில் இறக்கினார். தண்ணீருக்கு ஆள் வருவார்கள் என்று பள்ளத்தில் காத்துக்கிடந்த எதிரிகள்தான் கடைசியில் அசந்துபோய் அடிவாங்கினார்கள். வைக்கோல் பொம்மைகளுக்குக் கவசம் மாட்டி விடியற்காலை மூடுபனியில் நிறுத்தியதும், அவற்றை நோக்கிப் பாய்ந்து வந்தவர்கள் மேல் பாறைகளை உருட்டியதும் இங்கேதான். தைஹெய்கி கொடுக்கும் லட்சக்கணக்கான படை எண்ணிக்கை மிகை. ஆயிரம் பேருக்கும் குறைவானவர்கள் ஏறத்தாழ 100 நாள் தாக்குப்பிடித்தார்கள் என்பது அந்த முகட்டின் செங்குத்தைப் பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கிறது.

எதிரிகளுக்கும் நினைவுச்சின்னம் எழுப்பினாராமே?

ஆம். என்னைக் கேட்டால் இந்த ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டியது அதுதான். பிறப்பிடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத மயானத்தில் இரண்டு கல் தூபிகள் இருக்கின்றன. சதுரம், உருண்டை, கூரை என ஐந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழைய பௌத்த அமைப்பு. ஒன்று ‘யோசெதே-சுகா’, முற்றுகையிட வந்தவர்களுக்கானது. மற்றொன்று ‘மிகாத்தா-சுகா’, தம் பக்கம் இறந்தவர்களுக்கானது. இரண்டையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வந்தவர்களுக்கு எழுப்பியதுதான் உயரமாகவும் பருமனாகவும் இருக்கிறது.

போரில் மாண்ட இருதரப்பினருக்கும் மசஷிகேயே எழுப்பினார் என்பது ஊர் மரபு. பெயரிலும் எதிரி, பகைவர் என்ற சொல் இல்லை என்பதை ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். சுற்றிலும் இன்றைய குடும்பக் கல்லறைகள்தான். சுற்றுலாத் தலம் போன்ற ஏற்பாடு எதுவும் இல்லை. யாராவது வழிபட்டுக்கொண்டிருந்தால் ஒதுங்கி நில்லுங்கள், கல்லறைகளைப் படம் எடுக்காதீர்கள்.

எப்படிப் போவது?

ஒசாகா அபெனோபாஷி நிலையத்தில் கின்டெட்சு ரயிலில் ஏறி, தொந்தாபயாஷியில் இறங்குங்கள். ஏறத்தாழ அரை மணி நேரம். சில ரயில்கள் வேறு தடத்தில் போகும்; அப்படியானால் ஃபுருயிச்சியில் மாற வேண்டும். தொந்தாபயாஷியிலிருந்து கிராமத்துக்கு பஸ். ஓட்டுநரிடம் ‘நான்கோ தஞ்ஜோச்சி’ என்று சொன்னால் இறங்கும் நிறுத்தத்தைக் காட்டுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பயணக் குறிப்புகளிலும் வழிகாட்டி நூல்களிலும் கொங்கோ பஸ் நிறுவனத்தின் நேர அட்டவணை இருக்கும். ஓட்டுநர் பற்றாக்குறையால் அந்த நிறுவனம் 2023 டிசம்பர் 20 அன்று எல்லாத் தடங்களையும் நிறுத்திவிட்டது. இப்போது உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து மாற்று பஸ்களை ஓட்டுகின்றன, எண்ணிக்கை குறைவு. போகும் பஸ்ஸோடு சேர்த்துத் திரும்பும் பஸ்ஸின் நேரத்தையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் டாக்ஸி எளிதில் அகப்படாது.

சிஹாயா கோட்டைக்கு மட்டும் போவதானால், நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் கவாச்சிநகானோ வந்து, அங்கிருந்து கொங்கோ மலையேற்ற வாயிலுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. மலையேறுவோர் கூட்டம் இருப்பதால் அந்தத் தடத்தில் பஸ் கிடைப்பது எளிது.

வயதான பெற்றோருடன் போகலாமா?

பிறப்பிடம், அருங்காட்சியகம் இரண்டுக்கும் தாராளமாகப் போகலாம். கிணற்றுப் பாதையில் சிறு இறக்கம் உண்டு. கீழ் அகாசாகாவுக்கு நடக்க முடியாவிட்டால் டாக்ஸியில் போய்விடலாம்; அந்தக் காட்சி அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

சிஹாயா கோட்டை வேறு. நெடுஞ்சாலையிலிருந்து மேலே ஐந்நூறுக்கும் மேற்பட்ட கற்படிகள், அவையும் செங்குத்தாக, உயரம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள். ஏறிப் போனாலும் கோட்டைச் சுவரோ கோபுரமோ இருக்காது. ஹிமேஜி, ஒசாகா கோட்டைகளுக்கும் இதற்கும் இடையே 200 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இது மலையையே வெட்டித் திருத்திய கோட்டை; கட்டடங்கள் மரத்தால் ஆனவை, அழிந்துவிட்டன. மேலே மரங்கள் அடர்ந்த சமதளமும் மசஷிகேயை வழிபடும் சிஹாயா ஆலயமும் இருக்கின்றன. மலை உச்சிக்குப் போன ரோப்வே இப்போது இயங்குவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அவர் எங்கே இறந்தார்? அடக்கம் செய்த இடம் எது?

1336-இல் இன்றைய கோபே நகரின் மினாத்தோகாவாவில். முன்னாள் தோழரான அஷிகாகா தகாவுஜி, பேரரசருக்கு எதிராகத் திரும்பி, கியூஷுவிலிருந்து நிலவழியும் கடல்வழியுமாகப் பெரும்படையோடு வந்தார். பேரரசர் ஹியெய் மலைக்கு விலகிப் போகட்டும், தகாவுஜியைக் கியோட்டோவுக்குள் விட்டு, உணவு வழிகளை அடைத்துவிட்டுப் பிறகு நெருக்கலாம் என்றார் மசஷிகே. கோட்டையில் இருந்தபடி பசியையும் தாகத்தையும் ஆயுதமாக்கக் கற்ற மனிதரின் யோசனை அது. தலைநகரை விட்டு ஓடுவதா என்று அரசவைப் பிரபுக்கள் மறுத்துவிட்டார்கள். தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே போருக்குப் போனார். வழியில் சகுராயில் மகன் மசட்சுராவை ஊருக்குத் திருப்பி அனுப்பினார். போரின் முடிவில் தம்பி மசசுவேயும் அவரும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு இறந்தார்கள்.

வென்ற தகாவுஜி, மசஷிகேயின் தலையை அவர் குடும்பத்துக்கே அனுப்பிவைத்தார். அது அடக்கமான இடம் கவாச்சிநகானோவில் உள்ள கன்ஷின்ஜி கோயில். மசஷிகே சிறுவனாகப் படித்ததாகச் சொல்லப்படுவதும் இங்கேதான். அந்தக் கோயிலில் ஒரு வினோதமான கட்டடம் இருக்கிறது: மூன்று அடுக்குத் தூபியாகத் தொடங்கி முதல் அடுக்கோடு நின்றுபோனது, அதன் மேலேயே கூரை வேய்ந்துவிட்டார்கள். மசஷிகே கட்டத் தொடங்கினார், முடிக்கும் முன் போருக்குப் போய்விட்டார் என்பது கோயில் வரலாறு. அதற்குப் பிறகு யாரும் மேலே கட்டவில்லை. இங்குள்ள நியோயிரின் கன்னோன் (கருணையின் போதிசத்துவர்) சிலை தேசியப் பொக்கிஷம். ஆண்டுதோறும் ஏப்ரல் 17, 18 ஆகிய இரு நாட்கள் மட்டுமே திரை விலகும்.

மினாத்தோகாவாவில் 1692-இல் மிதோ பகுதியின் முன்னாள் பிரபு தொகுகாவா மிட்சுகுனி எழுப்பிய கல்லறைக் கல்லும் 1872-இல் அமைந்த ஆலயமும் உள்ளன. கோபே ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை.

போர்க்கால ஜப்பான் இவரைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதே, அங்கே போவது சரியா?

நியாயமான கேள்வி. மெய்ஜி காலத்திலிருந்து 1945 வரை மசஷிகே, பேரரசருக்காக உயிரைக் கொடுப்பதன் இலக்கணமாகப் பள்ளிப் பாடங்களில் புகுத்தப்பட்டார். டோக்கியோ சிலை அந்தக் காலத்தில், 1900-இல் எழுந்தது. ஏழு முறை மனிதனாகப் பிறந்து பகைவரை அழிப்பேன் என்று தைஹெய்கியில் சாகும் தறுவாயில் சொல்பவர் தம்பி மசசுவே. அது ஏழு பிறவியும் நாட்டுக்கே என்ற முழக்கமாக மாறி இளைஞர்களைச் சாவுக்கு அனுப்பியது. குசுனோக்கி குலச் சின்னம், ஓடும் நீரில் பாதி மூழ்கிய சாமந்திப் பூ. பேரரசர் தந்த பூவை முழுமையாக அணியத் தயங்கி நீரில் பாதி மறைத்தார் என்பது அதன் கதை. அந்தச் சின்னத்தின் பெயரான ‘கிகுசுய்’யையே 1945-இல் ஒகினாவாவில் நடந்த தற்கொலை விமானத் தாக்குதல்களுக்குச் சூட்டினார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்பது என் கருத்து. சிஹாயாவில் நின்று பார்த்தால் பிரசாரம் எதை மறைத்தது என்பது புலப்படும். அந்த மனிதர் தம் ஆட்களைச் சாகவிடாமல் காப்பாற்றப் படாதபாடு பட்டவர். கோட்டையை எரித்துவிட்டுத் தப்பி ஓட வெட்கப்படாதவர். கடைசிப் போரைக்கூடத் தவிர்க்கத்தான் ஆலோசனை சொன்னார்.

எந்தப் பருவம் நல்லது?

வயல்களுக்காக என்றால் ஜூனில் நீர் நிறைந்து நாற்று நட்டபின், அல்லது செப்டம்பரில் கதிர் பழுக்கும்போது. செப்டம்பர் கடைசியில் வரப்புகளில் சிவப்பு லில்லி பூக்கும். ஆகஸ்டில் படியேறுவது கடும் வேதனை. குளிர்காலத்தில் மலையில் பனி உறையும். காலணியில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் மேலே போகாதீர்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

ஊரில் நம்பி இருக்க முடியாது. அருங்காட்சியகத்தை ஒட்டிய சாலையோர ஓய்விடம், ஜப்பானிலேயே மிகச் சிறியது என்று சொல்லிக்கொள்வது. உள்ளூர்க் காய்கறிகளும் சிற்றுண்டியும் கிடைக்கும். நூடுல்ஸ், சூப் எதுவானாலும் மீன் வடிநீர் கலந்திருக்கும். ஒசாகாவில் புறப்படும்போதே பழம், ரொட்டி, ஊறவைத்த உமே பழம் வைத்த சோற்று உருண்டை ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கூடுதலாக.

ஆலயத்தில் எப்படி வழிபடுவது?

குசுனோக்கி குலத்தின் காவல் தெய்வம் குடிகொண்ட தகேமிகுமாரி ஆலயம் இங்கே இருக்கிறது. மலைநீரைப் பங்கிட்டுத் தரும் தெய்வத்துக்கானது. அதன் வளாகத்திலேயே மசஷிகேக்கும் ஒரு சன்னிதி உண்டு. நுழையுமுன் கைகளையும் வாயையும் கழுவி, சன்னிதியில் இரு முறை குனிந்து வணங்கி, இரு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை குனிய வேண்டும். கன்ஷின்ஜி பௌத்தக் கோயில் என்பதால் அங்கே கைதட்டக் கூடாது. நம்மைப் போலக் கைகூப்பினால் போதும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

பிறப்பிடம், கிணறு, இரட்டைத் தூபிகள், கீழ் அகாசாகா, தகேமிகுமாரி ஆலயம் ஆகியவற்றை ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கலாம். மாலையில் நேரம் மிஞ்சினால் தொந்தாபயாஷி நிலையத்துக்கு அருகே பழைய வணிகர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஜினாய்மாச்சி தெருக்களில் நடந்துவிட்டு ரயில் ஏறுங்கள். சிஹாயா கோட்டையையும் கன்ஷின்ஜியையும் இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கவாச்சிநகானோவிலிருந்தே பஸ் உண்டு. கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்தப் படிகளில் வெளிச்சம் குறைந்துவிடும்.